சீன வம்சாவளியைத் தேடித் தரும் சேவைகள்: சிங்கப்பூரில் எதற்குக் காசு தரலாம், எதற்கு வேண்டாம்

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். போருக்கு முன்னும் பின்னும் வறுமையால் கொடுக்கப்பட்ட குழந்தை, ஆண்பிள்ளை வேண்டும் என்றிருந்த வீட்டில் மூன்றாவதாகப் பிறந்த பெண், புலி ஆண்டில் பிறந்ததால் வீட்டுக்கு ஆகாது என்று தள்ளப்பட்ட பெண் என்று பலரைத் தமிழர்கள் எடுத்து வளர்த்தார்கள். அவர்கள் லட்சுமி, சரோஜா என்று பெயர் பெற்று, தமிழ் பேசி, பொங்கல் வைத்து, பேரன் பேத்தி கண்டார்கள். இப்போது அந்தப் பேரப்பிள்ளைகள், “பாட்டி எந்த ஊர்க்காரர், எந்தக் குலம்?” என்று கேட்கிறார்கள். சீனரைத் திருமணம் செய்துகொண்டவர்களின் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி உண்டு. விளம்பரங்கள் ‘ஆயிரம் ஆண்டு குலப் பதிவேட்டை எடுத்துத் தருகிறோம்’ என்கின்றன.

இங்கே எடைபோடுவது ஐந்து வழிகளை: புக்கிட் பிரவுன் சீன இடுகாட்டின் அடக்கப் பதிவேடுகள், தேசிய நூலகம், ஃபேமிலிசர்ச் இணையத்தளம், குலமரபுச் சங்கங்கள், கட்டணம் வாங்கித் தேடித் தரும் நிறுவனங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் மூன்று விவரம் சேரும்வரை யாருக்கும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். ஒன்று, குடும்பப்பெயரின் சீன எழுத்து. இரண்டு, மூதாதையர் ஊர், அதிலும் மாவட்டத்தோடு நிற்காமல் கிராமம். மூன்று, தலைமுறை எழுத்து, அதாவது ஒரே தலைமுறையினரின் பெயர்களில் பொதுவாக வரும் எழுத்து. இந்த மூன்றையும் சிங்கப்பூரிலேயே இலவசமாகத் தேட வழி உண்டு. மூன்றும் இல்லாமல் நிறுவனத்திடம் போனால், நீங்களே செய்திருக்கக்கூடிய வேலைக்கு அவர்களுக்குக் கூலி கொடுப்பீர்கள்.

பதிவேட்டுக்குள் என்ன இருக்கிறது

மாண்டரினில் குலப் பதிவேட்டை ட்ஸுபு என்பார்கள். ஓர் ஊருக்கு முதலில் குடிவந்த மூதாதையில் தொடங்கி, ஆண் வழியாகத் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் நூல். முன்னுரைகள், குடும்பப்பெயரின் தோற்றம், குல ஒழுக்க விதிகள், கல்லறை இருக்கும் மலைகளின் வரைபடம், பூசைச் செலவுக்கு ஒதுக்கிய நிலம், இவற்றோடு தலைமுறை அட்டவணை. அட்டவணையின் இன்றைய வடிவத்தை வகுத்தவர்கள் 11ஆம் நூற்றாண்டில் சோங் அரச மரபுக் காலத்தில் வாழ்ந்த ஓயாங் சியூ, சூ சுன் என்னும் இரு அறிஞர்கள். ஓயாங் முறையில் ஓர் அட்டவணைக்கு ஐந்து தலைமுறை. ஐந்தாமவர் அடுத்த அட்டவணையின் தலையில் மீண்டும் வருவார். அவரை இரண்டு ஆளாக எண்ணித் தலைமுறைக் கணக்கைக் கூட்டிவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

ஒரு மனிதருக்கான பதிவு வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாகப் போகும். பதிவேட்டுப் பெயர், பெரியவரானதும் வைத்த மறுபெயர், எத்தனையாவது மகன், பிறந்த ஆண்டு, மாதம், நாள், நாழிகை, இறந்த நாள், புதைத்த மலையும் கல்லறை பார்க்கும் திசையும். பிறகு மனைவி. மனைவியின் சொந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. ‘லிம் வீட்டுப் பெண்’ என்பதுபோல் பிறந்த வீட்டுப் பெயர் மட்டும் இருக்கும். அடுத்து மகன்கள் பெயரோடு வருவார்கள். மகள்கள் பல பதிவேடுகளில் அறவே இல்லை. இருந்தாலும் ‘மகள் ஒருத்தி, இன்ன வீட்டில் வாழ்க்கைப்பட்டாள்’ என்ற ஒரு வரிதான்.

தத்துக் கொடுக்கப்பட்ட பாட்டியைத் தேடுபவர்கள் இதை மனத்தில் நன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும். பாட்டியின் பெயர் அந்த நூலில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் தேட வேண்டியது பாட்டியின் அப்பாவை, அல்லது உடன்பிறந்த ஆண்களை. இதைச் சொல்லாமல் ‘உங்கள் பாட்டியைப் பதிவேட்டில் கண்டுபிடித்துத் தருகிறோம்’ என்று பணம் கேட்கும் யாரையும் நம்ப வேண்டாம்.

கடல் கடந்து போனவர்களுக்கும் குறிப்பு உண்டு. ‘நன்யாங் போனார்’ என்று இருந்தால் தென்கிழக்காசியா. சிங்கப்பூர் என்ற பெயரே இல்லாமல் ‘லாட்’ அல்லது ‘சிட் லாட்’ என்று இருக்கும், அது சிங்கப்பூர்தான். நீரிணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான செலாட்டிலிருந்து வந்த பழைய பெயர் அது. இங்கே 1881இல் தொடங்கிய சீன நாளிதழின் பெயர் லாட் பாவ் என்றிருந்ததும் இதனால்தான். இந்த ஒரு எழுத்தை முதலில் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால், நூறு பக்கத்தைப் புரட்டும் வேலை பாதியாகும்.

புக்கிட் பிரவுன் பதிவேடு: ஐந்துக்கு ஐந்து

தேசிய ஆவணக் காப்பகம் 1922 முதல் 1972 வரையிலான புக்கிட் பிரவுன் அடக்கப் பதிவேடுகளை இணையத்தில் போட்டிருக்கிறது. கட்டணம் கிடையாது. இந்தப் பட்டியலில் மிகச் சிறந்தது இதுதான். அந்த இடுகாடு 1922இல் திறந்து 1973இல் மூடப்பட்டது. சுமார் ஒரு லட்சம் கல்லறைகள் அங்கே உள்ளன.

தொடக்கம் பாட்டியின் பிறப்புச் சான்றிதழ். இல்லையென்றால் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தில் பதிவின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் அப்பாவின் பெயரும் முகவரியும் பார்க்க வேண்டும். ஹொக்கியன், தியோச்சூ, கேண்டனீஸ் என்று கிளைமொழிக் குழு எழுதியிருந்தால் அது தங்கம். பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருப்பார்கள். அதை வைத்துச் சீன எழுத்தை ஊகிக்கக் கிளைமொழி தெரிந்தே ஆக வேண்டும். ‘இங்’ என்ற பெயர் ஹொக்கியன், தியோச்சூக்காரரிடம் மஞ்சள் என்று பொருள்படும் எழுத்து. கேண்டனீஸ்காரரிடம் அதே ‘இங்’ முற்றிலும் வேறு குலம். அவர்களுடைய மஞ்சள் எழுத்துக்காரர் ‘வோங்’. ஆனால் அரசன் என்று பொருள்படும் மூன்று கிடைக்கோட்டு எழுத்தும் கேண்டனீஸில் ‘வோங்’தான், அதே எழுத்து ஹொக்கியனில் ‘ஓங்’. டானும் சானும் ஒரே எழுத்து. முன்னது ஹொக்கியன், தியோச்சூ ஒலிப்பு, பின்னது கேண்டனீஸ். ‘லிம்’ சுலபம்: இரண்டு மரக் குறிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ‘லீ’யின் பரவலான வடிவத்தில் மேலே மரம், கீழே பிள்ளை. தவறான எழுத்தில் தொடங்கினால் ஆறு மாதம் வேறொரு குலத்தின் நூலைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பதிவேடு ஆங்கிலக் கையெழுத்தில் இருக்கிறது. நாள்வரிசையில் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். ஆகவே இறந்த ஆண்டாவது தோராயமாகத் தெரிய வேண்டும். பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ‘டான் ஆ காவ்’ என்பவர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கலாம். வயதையும் இறந்த நாளையும் சேர்த்துப் பொருத்திப் பாருங்கள். பகுதி, மனை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லறைப் பக்கத்தில் எண் பொறித்த சிறு கல் இருந்தால் அதோடு ஒப்பிடலாம். லோர்னி நெடுஞ்சாலைக்காகச் சுமார் 4,000 கல்லறைகள் அகற்றப்பட்டன. அவற்றில் ஒன்றாக இருந்தால், அகற்றும் முன் எடுத்த ஆவணப் படம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. புக்கிட் பிரவுனில் பெயர் இல்லையென்றால் தேடல் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அங்கே ஹொக்கியன்காரர்கள் அதிகம். கேண்டனீஸ், ஹக்கா மக்கள் பலர் பீஷானில் இருந்த பெக் சான் தெங் இடுகாட்டில் புதைக்கப்பட்டார்கள். வீடமைப்புக்காக அது தோண்டப்பட்ட பிறகு, அஸ்தி மாடம் இன்றும் அங்கே இயங்குகிறது. தியோச்சூ இடுகாடுகளை அவர்களுடைய அறநிறுவனமான நீ ஆன் கொங்சி பார்த்துக்கொண்டது. ஆர்ச்சர்ட் சாலையில் நீ ஆன் சிட்டி நிற்கும் இடமே பழைய தியோச்சூ இடுகாடுதான்.

கல்லைப் படிப்பது

முழுத் தேடலும் இந்தக் கல்லில்தான் திரும்புகிறது. இங்கே அவசரம் கூடாது. நடுவில் பெரிய எழுத்தில் செங்குத்தாக இறந்தவர் பெயர். ஆணுக்கு முன்னால் ‘மறைந்த தந்தை’, பெண்ணுக்கு ‘மறைந்த தாய்’ என்ற இரண்டெழுத்து மரியாதைச் சொல் வரும். பக்கத்தில் நாள். இன்னொரு பக்கத்தில் மகன்கள், மகள்கள், பேரன்கள். நீங்கள் தேடிவந்தது தலைப்பகுதியில் கிடைமட்டமாகவோ, பெயரின் இருபுறம் பிரிந்தோ சின்னதாக இருக்கும் இரண்டு எழுத்து: ஊர்.

ஹொக்கியன்காரர் என்றால் தோங்ஆன், நான்ஆன், ஆன்சி போன்ற மாவட்டப் பெயர்கள். ஹைனானீஸ் என்றால் பெரும்பாலும் வென்சாங். ஹக்கா என்றால் மெய்ஷியன், டாபு; லீ குவான் இயூவின் முன்னோர் ஊர் டாபுவில்தான். சில கற்களில் மாவட்டத்துக்குக் கீழே கிராமப் பெயரும் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள், மாவட்டம் கதவு என்றால் கிராமம்தான் சாவி.

ஊர்ப் பெயர் மாறியிருப்பது அடுத்த சிக்கல். கேண்டனீஸ் கற்களில் வரும் சின்னிங் 1914இல் தைஷான் ஆனது. சியாங்ஷான், சுன் யாட் சென் நினைவாக 1925இல் ஜோங்ஷான் ஆனது. பழைய தோங்ஆன் மிகப் பெரிய மாவட்டம். இன்றைய ஷியாமென் நகரின் பல பகுதிகள் அதற்குள் இருந்தவை. டான் கா கீயின் ஊரான ஜிமெய் அப்படித்தான். இன்றைய வரைபடத்தில் தோங்ஆன் வட்டாரத்தை மட்டும் தேடினால், ஊர் இருந்தும் இல்லாததுபோல் தெரியும்.

பெண்ணின் கல்லாக இருந்தால் மேலே இருக்கும் ஊர் பெரும்பாலும் கணவன் ஊர். அதைப் பிறந்த வீட்டு ஊராக எடுத்துக்கொண்டால் எல்லாம் வழிதவறும்.

நாள் கணக்கு எளிது. சீனக் குடியரசு ஆண்டு என்றால் 1911 கூட்டுங்கள்: 20ஆம் ஆண்டு 1931. சிங் மரபுப் பேரரசர் குவாங்சுவின் ஆட்சியாண்டு என்றால் 1874 கூட்டுங்கள்: 26ஆம் ஆண்டு 1900. ஆனால் மாதம் சந்திர மாதம். குவாங்சு 26, பன்னிரண்டாம் மாதம் என்றால் நம் கணக்கில் 1901 சனவரியோ பிப்ரவரியோ. அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால், தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபதில் சுழல்வதைப் போலவே 1864, 1924, 1984 என்று எது பொருந்துகிறது எனப் பார்க்க வேண்டும். வயதிலும் கவனம்: பிறந்ததும் ஒரு வயது, புத்தாண்டுக்கு ஒரு வயது. அதற்கு மேல் மரணத்தில் மூன்று வயது கூட்டிச் சொல்லும் வழக்கமும் இங்கே உண்டு. கல் 78 என்றால் உண்மையில் 74ஆக இருக்கலாம்.

படம் எடுக்கும்போது சாக்பீஸ், மாவு, கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம், கல் பொரிந்துவிடும். ஒரு தெளிப்பான் தண்ணீர், ஒரு கைவிளக்கு போதும். கல்லை நனைத்து, விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. முழுக் கல்லுக்கு ஒரு படம், பிறகு ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிப் படம். கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலி செங்குத்து எழுத்தில் தடுமாறும். ஒரே எழுத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். அப்படியும் கிடைக்காவிட்டால் விரலால் வரையும் விசைப்பலகையில் வரைந்து பாருங்கள். கற்களில் இருப்பவை பழைய முழு எழுத்துகள். இன்றைய சுருக்க எழுத்தோடு உருவம் ஒத்துப்போகாது.

மகன்களின் பெயர் வரிசையில் இருவருக்கோ மூவருக்கோ ஒரே எழுத்து பொதுவாக வந்தால், அது தலைமுறை எழுத்தாக இருக்கப் பெரும் வாய்ப்பு. குலத்துக்கென்று ஒரு கவிதை இருக்கும். ஒவ்வொரு தலைமுறையும் அதன் அடுத்த எழுத்தைப் பெயரில் வைத்துக்கொள்ளும். ஒரே ஊரில் ஒரே குடும்பப்பெயரோடு நான்கு குலம் இருந்தாலும், இந்த எழுத்து உங்களைச் சரியான வீட்டு வாசலில் நிறுத்தும்.

தேசிய நூலகம்: நான்கரை

விக்டோரியா ஸ்திரீட்டில், பூகிஸ் எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரம். லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தின் 11ஆம் மாடியில் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு. குலமரபுச் சங்கங்களின் ஆண்டுவிழா மலர்களைக் கேளுங்கள். ஐம்பதாம் ஆண்டு, நூறாம் ஆண்டு என்று சங்கங்கள் போட்ட தடித்த மலர்களில் நிர்வாகிகளின் படம், பெயர், ஊர், சில நேரம் குலத்தின் தலைமுறைக் கவிதையே இருக்கும். பதிவேட்டைவிட இவை சீக்கிரம் பலன் தருபவை; ஆனால் தேடுபவர்கள் பெரும்பாலும் இவற்றைத் தொடுவதே இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது; அங்கேயே இருந்து பார்க்க வேண்டும்.

நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் நன்யாங் சியாங் பாவ் போன்ற சீன நாளிதழ்கள் இருக்கின்றன. இரங்கல் விளம்பரங்கள் அருமையான ஆவணம்: ஊர், பிள்ளைகள், மருமக்கள் வரை வரும். சீனத்தில் சொல் தேடல் சரியாகப் பிடிக்காது. இறந்த நாளுக்கு அடுத்த மூன்று நான்கு நாள் இதழ்களைக் கண்ணால் புரட்டுவதே மேல். சில இதழ்களை நூலகக் கணினியில் மட்டும் திறக்க முடியும். அரை மதிப்பெண் அதற்காகவே குறைந்தது.

ஃபேமிலிசர்ச்: நான்கு

இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் போதும். பல்லாயிரம் சீனக் குலப் பதிவேடுகளின் படங்கள் இருக்கின்றன. இதில் ஆள் பெயரைப் போட்டுத் தேடி ஏமாறுகிறவர்கள் அதிகம். இங்கே நூலைத்தான் தேட வேண்டும், ஆளை அல்ல. குடும்பப்பெயரைச் சீன எழுத்தில் இட்டு, மாகாணம், மாவட்டம் என்று சுருக்கி, பிறகு குலத்தின் கிளையைக் குறிக்கும் மண்டபப் பெயரைப் பாருங்கள்.

மண்டபப் பெயர் என்பதை நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவோடு ஒப்பிட்டால் தமிழர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: எல்லோரும் நகரத்தார், ஆனால் எந்தக் கோயில் என்பதில்தான் பங்காளி யார் என்பது தெரியும். சீனர்களிடமும் பங்காளிக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. லிம் குலத்தாருக்கு சிஹே, டான் குலத்தாருக்கு யிங்சுவான், ஓங் குலத்தாருக்கு தைய்யுவான் என்று பெரும்பிரிவுப் பெயர்கள் வாசல் பலகையிலும் கல்லறையிலும் இருக்கும். ஆனால் இவை மிகப் பரந்தவை. யிங்சுவான் என்று கண்டதும் ஊர் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது ஹெனான் பக்கத்துப் பழைய நிலப்பகுதி. சிங்கப்பூர் டான்கள் புறப்பட்ட ஊர் அல்ல. கிளைக்கே உரிய சிறிய மண்டபப் பெயர்தான் பயன்படும்.

சில தொகுதிகள் வீட்டிலிருந்து திறக்காது. குடும்ப வரலாற்று மையங்களில் மட்டும் பார்க்கலாம் என்று பூட்டுக் குறி காட்டும். இதற்கு ஈடாக ஷாங்ஹாய் நூலகத்தின் குலப் பதிவேட்டுத் தளத்தையும் பாருங்கள். தளம் முழுக்கச் சீனம். உலாவியின் மொழிபெயர்ப்பைப் போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம். அந்த நூலகம் முன்னின்று 2008இல் வெளியான பதிவேட்டு அட்டவணையில் 52,000க்கும் மேற்பட்ட நூல்கள், 608 குடும்பப்பெயர்கள் உள்ளன. உங்கள் ஊருக்கு நூல் உண்டா, எங்கே இருக்கிறது என்று பார்க்க அதுவே முதல் இடம். கலாசாரப் புரட்சியில், 1966 முதல் 1976 வரை, ஏராளமான நூல்கள் அழிந்தன. அட்டவணையில் பெயர் இல்லையென்றால் நூலே இல்லை என்று ஆகாது. ஊர்ப் பெரியவர் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கலாம்.

குலமரபுச் சங்கங்கள்

இதற்கு ஒரே மதிப்பெண் போட முடியாது. சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். ஊரை வைத்து அமைந்தவை ஒரு வகை: தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இருக்கும், 1822இல் தொடங்கிய ஹக்கா மக்களின் யிங் ஃபோ ஃபுய் குன், 1840இல் தொடங்கிய ஹொக்கியன் ஹுவே குவான் போன்றவை. குடும்பப்பெயரை வைத்து அமைந்தவை இன்னொரு வகை. எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு, 1986இல் அமைக்கப்பட்ட சீனக் குலமரபுச் சங்கங்களின் சம்மேளனம் தோ பாயோவில் இருக்கிறது; உறுப்புச் சங்கங்களின் பட்டியல் அவர்களிடம் கிடைக்கும்.

ஊர் தெரிந்தால் ஊர்ச் சங்கத்துக்கு முதலில் போங்கள். பெரிய குடும்பப்பெயர்ச் சங்கம் எல்லா ஊர்க்காரரையும் சேர்த்துக்கொள்வதால் உங்கள் கிளையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போகுமுன் அழையுங்கள், பல சங்கங்கள் வாரத்தில் சில நாள் பிற்பகல் மட்டும் திறக்கின்றன. ஒரே தாளில், பெரிய சீன எழுத்தில், நான்கு வரி: குடும்பப்பெயர், ஊர், முப்பாட்டனார் பெயர், அவருடைய மகன்களின் பெயர். இதை நீட்டினால் மாண்டரின் பேசாதவருக்கும் வேலை நடக்கும். கேட்க வேண்டியவையும் மூன்றுதான்: பழைய உறுப்பினர் பதிவு, முன்னோர் பெயர்ப் பலகைகள், ஊருக்கும் சங்கத்துக்கும் இப்போது தொடர்பு வைத்திருப்பவர் யார்.

ஏப்ரல் தொடக்கத்தில், முன்னோர் கல்லறைகளை வணங்கும் சிங் மிங் நாளை ஒட்டிய வாரங்களில் ஆள் நடமாட்டம் அதிகம். ஆனால் எல்லோரும் பூசை வேலையில் இருப்பார்கள். அது முடிந்தபின் போவது நல்லது. தமிழ் முகத்தோடு போய் நின்றால் விரட்டுவார்கள் என்ற தயக்கம் தேவையில்லை. தத்துப் போன பெண்களின் கதை அந்தப் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரியும். உதவி கிடைத்தால் சங்க நன்கொடைக்குச் சிவப்பு உறையில் கொடுப்பது மரியாதை.

கட்டணத் தேடல் நிறுவனங்கள்: இரண்டரை, அதுவும் கடைசிக் கட்டத்துக்கு மட்டும்

கிராமம் வரை உறுதியாகிவிட்டது, நூல் இணையத்தில் இல்லை, ஊரில் யாரையும் தெரியாது என்ற நிலையில் இவர்களை அமர்த்துவது தகும். ஊருக்குப் போய், கிராமக் குழுவிடம் பேசி, நூல் வைத்திருப்பவரின் நம்பிக்கையைப் பெற்றுப் படம் எடுப்பது எளிய வேலை அல்ல. அங்குள்ள கிளைமொழி பேசும் ஆள் வேண்டும். அந்த உழைப்புக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

ஒப்பந்தத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கேளுங்கள்: மேசைத் தேடல், ஊர்ப் பயணம், மொழிபெயர்ப்பு. ஒவ்வொன்றும் முடிந்தபின் பணம். பயணச் செலவு விலைக்குள் அடக்கமா, நூல் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘கிடைக்கவில்லை’ என்பதும் ஒரு முடிவுதான். யார் யாரைப் பார்த்தார்கள், எந்த ஊரில் கேட்டார்கள் என்ற அறிக்கை வேண்டும்.

அழகாகச் சட்டம் போட்ட குடும்ப மரப் படம் ஆதாரம் ஆகாது. நூலின் தலைப்புப் பக்கம், பக்க மடிப்பில் அச்சான நூற்பெயரும் மண்டபப் பெயரும், உங்கள் ஆள் வரும் பக்கம், அதற்கு முன்பின் இரண்டு பக்கம் என முழுப் படங்களைக் கேளுங்கள். உங்கள் முப்பாட்டனாரோடு இணைப்பு எப்படி நிரூபணமாகிறது என்று பாருங்கள். பெயர் ஒன்று மட்டும் ஒத்துப்போவது போதாது. தலைமுறை எழுத்து, பிறப்பு அல்லது இறப்பு நாள், மனைவியின் குடும்பப்பெயர், மகன்களின் பெயர் வரிசை, இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். சிங்கப்பூரில் வழங்கிய பெயரும் பதிவேட்டுப் பெயரும் வெவ்வேறாக இருப்பது மிகச் சாதாரணம். சான்றிதழில் ‘ஆ காவ்’ என்று இருப்பது பெரும்பாலும் கண்ணேறு படாமலிருக்க வைத்த ‘நாய்க்குட்டி’ போன்ற செல்லப்பெயர்; நம் ஊர்க் குப்பன், பிச்சை மாதிரி. நூலில் அவர் தலைமுறை எழுத்தோடு வேறு பெயரில் இருப்பார். பெயர் பொருந்தவில்லை என்று நல்ல நூலை ஒதுக்குவதும், பெயர் பொருந்தியது என்று தவறான நூலை ஏற்பதும் இதனால்தான் நடக்கின்றன.

சீனர்கள் ஆதி மூதாதையாகச் சொல்லும் மஞ்சள் பேரரசர் வரை, ஐயாயிரம் ஆண்டு வரை என்று நீளும் மரத்துக்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஊருக்கு முதலில் குடிவந்த மூதாதை வரை பதிவேடுகள் ஓரளவு நம்பத்தக்கவை. அதற்கு மேலே, புகழ்பெற்ற அமைச்சரோடும் தளபதியோடும் கோத்துவிடுவது பழைய பதிப்பாசிரியர்களின் பழக்கம்.

மரபணுச் சோதனையையும் சிலர் இதனுடன் விற்கிறார்கள். ஆண்வழிச் சோதனை பாட்டி வழியில் பயன்படாது. அவருடைய சகோதரர் வழி ஆண் ஒருவர் கிடைத்தால்தான் உதவும். பொதுச் சோதனை மூன்று நான்கு தலைமுறைக்குள் இருக்கும் உறவினரைக் காட்டக்கூடும், அவரும் அதே நிறுவனத்தில் சோதித்திருந்தால்.

இணைப்பு உறுதியானபின்

புதுப் பதிப்பு தயாராகிறதா என்று ஊரில் கேளுங்கள். முப்பது ஆண்டுக்கு ஒரு சிறு திருத்தம், அறுபதுக்கு ஒரு பெருந்திருத்தம் என்பது பழைய வழக்கு. பெண்களைச் சேர்க்கும் வழக்கமும் இப்போது பரவுகிறது. கன்பூசியஸ் வம்சத்தின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பில், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களுடன் 80 தொகுதியாக வந்த நூலில், பெண்கள் முதன்முறையாக இடம்பெற்றார்கள். ஆகவே தத்துப் போன மகளையும் அப்பாவின் பெயருக்குக் கீழே சேர்க்கக் கேட்பது இன்று வழக்கத்துக்கு மாறான கோரிக்கை அல்ல.

அனுப்ப வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் நகல், அப்பாவின் கல்லறைப் படம், பாட்டியின் பிறந்த, இறந்த நாள், கணவர் பெயர், பிள்ளைகள் பெயர். தமிழ்ப் பெயர்களை ஒலிப்பை வைத்துச் சீன எழுத்தில் எழுதுவார்கள். லட்சுமி என்பதற்கே நான்கு எழுத்து வேண்டும். அதே ஒலிக்கு வேறு வேறு எழுத்துகள் இருப்பதால் பொருள் பார்த்துத் தேர்ந்தெடுத்து நீங்களே எழுதி அனுப்புவது நல்லது. அவர்களிடம் விட்டால் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஒலிப்பார்கள்; ‘ழ’வும் ‘ள’வும் எங்கோ போய்விடும். அச்சுக்கு முன் மெய்ப்புப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, மாண்டரின் தெரிந்த ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பாட்டியின் பெயர் காதில் சரியாக விழுந்தபின் ஒப்புதல் கொடுங்கள். அச்சில் பிழை விழுந்தால் திருத்த அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டிவரும்.